கேட்டலிடிக் கன்வெர்ட்டரை கழட்டினா மைலேஜ் ஏறுமா? அந்த ஃபார்வர்டை நம்பாதீங்க

"பழைய பிக்கப்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டரை கழட்டிட்டு பெரிய சைஸ் பைப் போடுங்க, பவரும் மைலேஜும் எகிறும்"னு ஒரு மெசேஜ் எல்லா குரூப்லயும் சுத்துது. தப்புங்க. (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ங்கிறது இன்ஜின் புகைல இருக்கிற நச்சை குறைக்க சைலன்சர் பைப்ல மாட்டியிருக்கிற பாகம்.)

நல்லா இருக்கிற கன்வெர்ட்டர் புகையை பெருசா தடுக்காது, உள்ள உருகியோ அடைச்சோ போனதுதான் வண்டியை இழுக்க விடாது. அதை ஊகிக்க வேணாம், கன்வெர்ட்டருக்கு முன்னாடி இருக்கிற ஆக்ஸிஜன் சென்சாரை (புகைல இருக்கிற ஆக்ஸிஜனை அளக்கிறது) கழட்டி அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டி பாருங்க, பொதுவா ஐட்லிங்ல 1.5 பிஎஸ்ஐக்குள்ள, 2500 ஆர்பிஎம்ல 3 பிஎஸ்ஐக்குள்ள இருந்தா அடைப்பு இல்ல. உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல வேற அளவு போட்டிருந்தா அதையே எடுத்துக்கோங்க.

பைப் ரொம்ப பெருசானா புகை போற வேகம் குறையும், லோடு ஏத்தி மெதுவா மேடு ஏறும்போது இழுவை குறையலாம், பிக்கப்புக்கு வேண்டியதே அந்த இழுவைதான்! சத்தம் கூடினதை பவர் கூடினதா நினைச்சுக்கிறவங்கதான் ஜாஸ்தி.

கன்வெர்ட்டருக்கு பின்னாடியும் சென்சார் இருக்கிற வண்டில அதை எடுத்தா செக் இன்ஜின் லைட் எரியும், கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைன்னு சொல்ற பி0420 கோடு வரும். பல நாடுகள்ல இது சட்டப்படியும் குத்தம்.

மைலேஜ் நிஜமாவே குறைஞ்சிருந்தா முதல்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை (இன்ஜினும் புகை பைப்பும் சேர்ற இடத்துல இருக்கிற சீல்) பாருங்க, துருப்பிடிச்ச போல்ட் உடைஞ்சு அங்க லீக் இருந்தா வெளிக்காத்து உள்ள போய் சென்சார் ஏமாந்து ஃப்யூயலை கூட ஊத்த வைக்கும்.

சைலன்சர் மாத்துறது தப்பில்ல, கன்வெர்ட்டருக்கு பின்னாடி மட்டும் மாத்துங்க. அந்த மெசேஜ் வந்தா தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க.