வேலி போட்டதால் மட்டும் ஒழியவில்லை

நியூயார்க் சுரங்க ரயில் பெட்டிகளில் ஸ்ப்ரே பெயின்ட்டால் எழுதும் கிறுக்கல், அதாவது கிராஃபிட்டி, போலீஸ் கெடுபிடியால் ஒழிந்தது என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 1970களில் பெட்டிகளை ரசாயனத்தால் கழுவினார்கள். பெயின்ட் முழுசாகப் போகாமல் சாயம் திட்டுத்திட்டாக நின்றது, கிறுக்குபவர்கள் அதன் மேலேயே மறுபடி எழுதினார்கள். 1981இல் ரயில்களை நிறுத்திவைக்கும் கொரோனா யார்டைச் சுற்றி இரட்டை வேலி, நடுவில் நாய்கள். பேப்பருக்கு நல்ல படம், அவ்வளவுதான். 1984இல் சுரங்க ரயில் நிர்வாகத்தின் தலைவராக டேவிட் கன் வந்த பிறகுதான் உத்தி மாறியது: சுத்தம் செய்த பெட்டியில் கிறுக்கல் விழுந்தால், துடைக்கும்வரை அது ஓடாது. ஊரே பார்க்கத்தானே ராத்திரியில் யார்டுக்குள் புகுந்தார்கள்? ஸ்ப்ரே டப்பாவின் மூக்கைக் கழற்றி, அகலமாகப் பீய்ச்சும் வேறொன்றை மாட்டி, விடிவதற்குள் முழுப் பெட்டியையும் நிரப்புவார்கள். அது யார்டிலேயே அழிந்தால் யாருக்குப் பெயர்? 1989 மே மாதம் எழுத்துள்ள கடைசிப் பெட்டியும் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது.