மேரி பாப்பின்ஸ்: ஆள் மாறியதில் என்ன தப்பு?

மேரி பாப்பின்ஸ், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மாயக்காரி. 1964 படத்தில் ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த அந்த வேஷத்தில், அதன் தொடர்ச்சியான 'மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்' (2018) படத்தில் எமிலி பிளண்ட் வந்தார். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "எமிலி பிளண்ட் நல்லாத்தான் செஞ்சாங்க, ஆனா ஜூலி ஆண்ட்ரூஸ் மாதிரி வருமா?" என்று முடித்துவிடுகிறார்கள். படத்தின் குறையை அந்த நடிகையின் தலையில் கட்டுவது அநியாயம். ஆளை மாற்றும் வேலையை அந்தக் குழு அருமையாகச் செய்தது. சறுக்கியது வேறு இடத்தில்.

முதலில் குரல். 1964 படத்தில் ஷெர்மன் சகோதரர்களின் பாட்டுகளைப் பாடியது, மேல் ஸ்தாயியில் அலட்டாமல் நிற்கும் குரல். பிளண்டின் குரல் அதைவிடக் கீழே, பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பது. இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாக நடக்கும் தப்பு, பழைய பாட்டையே எடுத்து ஸ்ருதியை இறக்கிப் பாடவைப்பது. இறக்கியதும் குரல் மலர வேண்டிய உச்ச ஸ்வரம் தட்டையாகிவிடும். வாத்தியங்களும் கூடவே இறங்கி, பாடுகிறவரின் குரல் மேலேயே வந்து உட்காரும். இசைக்கோர்ப்பையே திரும்ப எழுத வேண்டும். எழுதினாலும், பழைய பதிவு காதில் ஊறிப்போனவருக்கு ஏதோ இடறிக்கொண்டே இருக்கும்.

இங்கே அதைச் செய்யவில்லை. மார்க் ஷைமனும் ஸ்காட் விட்மனும் எல்லாப் பாட்டுகளையும் புதிதாக எழுதினார்கள். பழைய மெட்டுகள் பின்னணி இசையில் மட்டும் வந்து போகின்றன. இயக்குநர் ராப் மார்ஷல் 'இன்டு தி வுட்ஸ்' (2014) படத்திலேயே பிளண்டைப் பாடவைத்தவர், அந்தக் குரலின் எல்லை அவருக்குத் தெரியும். அம்மாவை இழந்த மூன்று பிள்ளைகளுக்கு மேரி பாடும் தாலாட்டைக் கேளுங்கள். எங்கேயும் குரலை உயர்த்தவில்லை, பாதி பேச்சாகவே போகிறது. ஆண்ட்ரூஸுக்காக எழுதியிருந்தால் அந்தப் பாட்டு இப்படி வந்திருக்காது.

நடிப்பும் அப்படித்தான். பி. எல். டிராவர்ஸின் புத்தகங்களில் (முதல் புத்தகம் 1934) மேரி இன்னும் கறாரானவள், கடைக் கண்ணாடியில் தன்னையே பார்த்து ரசிக்கும் அழகுப் பெருமைக்காரி. பிளண்ட் பிடித்துக்கொண்டது அவளை. பீங்கான் கிண்ணத்துக்குள் நடக்கும் மேடைக் காட்சியில் பௌலர் தொப்பியோடு காக்னி எனும் லண்டன் உழைப்பாளிகளின் பேச்சுக்குத் தாவும்போது, பழைய மேரியின் நகல் துளியும் இல்லை.

அப்புறம் ஏன் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்? திரைக்கதை நம்மை ஒப்பிடவைக்கிறது. புகைபோக்கி துடைப்பவர்கள் கூரைமேல் ஆடிய இடத்தில் இப்போது தெருவிளக்கு ஏற்றுபவர்கள் ஆடுகிறார்கள். உத்தரத்தில் மிதந்தபடி தேநீர் குடித்த மாமாவுக்குப் பதில், தலைகீழாகும் வீட்டில் ஒரு உறவுக்காரி. சாக்பீஸ் ஓவியத்துக்குள் போனதற்குப் பதில், கிண்ணத்து ஓவியத்துக்குள். கடைசியில் பட்டத்துக்குப் பதில் பலூன். சட்டகம் அதே சட்டகம். ஒவ்வொரு திருப்பத்திலும் பழைய படம் தானாக ஞாபகத்துக்கு வருகிறது, அந்தச் சுமை முழுக்க பிளண்ட் மேல் விழுகிறது.

முதல் படத்தில் மேரி பார்த்துக்கொண்ட பிள்ளைகளான ஜேனையும் மைக்கேலையும் பாருங்கள். 2018இல் அவர்களாக நடித்த எமிலி மார்ட்டிமரையும் பென் விஷாவையும் யாரும் குறை சொல்லவில்லை. 1910இல் குழந்தைகள், கதை 1930களுக்கு வந்ததும் வளர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். மேரிக்கு வயதே ஆகாது. அதனால் பழைய நடிகை திரும்ப வரவும் வழியில்லை, புதியவருக்குக் காலத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை. உள்ளதிலேயே கஷ்டமான ஆள் மாற்றம் இது.

டிக் வான் டைக் விஷயத்தில் வேலை கச்சிதம். முதல் படத்தில் மேரியின் நண்பன் பெர்ட்டாகவும், கிழவர் வேஷத்தில் வங்கித் தலைவர் பெரிய டாஸாகவும் நடித்தவர் அவர். மகன் டாஸாக அப்போது நடித்தவர் ஆர்தர் மாலெட். 2018இல் அந்த மகனாக, தொண்ணூறு தாண்டிய வான் டைக் வந்து மேஜைமேல் ஏறி ஆடுகிறார். அதுவும் ஆள் மாற்றம்தானே, யாருக்காவது உறுத்தியதா? பெர்ட்டாக வராததால் அவர் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. ஜூலி ஆண்ட்ரூஸ் இது எமிலியின் படம் என்று சொல்லி, தலைகாட்டக்கூட மறுத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் வந்திருந்தாலும் தியேட்டர் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியிருக்கும், அதற்குப் பிறகு பிளண்ட் என்ன பாடினாலும் எடுபட்டிருக்காது.