ஒரு கையை அசைத்தால் மறு கையும் பருக்குமா?

‘வலது கையால் தினமும் பந்தை அழுத்தினாலே போதும், இடது கையும் அதே அளவு பருக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை, மீதி கதை.

1894லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர் ஸ்கிரிப்சரின் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரு கைக்கு மட்டும் பிடிப் பயிற்சி கொடுத்தபோது சும்மா இருந்த கையின் பிடியும் இறுகியது. ஆனால் கூடுவது பலம்தான், சதை அல்ல. டேப் வைத்து அளந்தால் மறு கையின் சுற்றளவு அப்படியேதான் இருக்கும். மூளையும் நரம்புகளும் தசையை இன்னும் நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதே காரணம். அந்தப் பலமும் பயிற்சி செய்த கைக்குக் கிடைப்பதில் ஒரு பங்குதான். அதுவும் நல்ல பளுவோடு செய்தால். செல்போனைத் தேய்த்தால் வராது.

சரி, யாருக்குப் பயன்? கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கு. நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தால் கட்டுப் போட்ட கை பலமிழப்பது ஓரளவு குறையும். மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.