விளம்பரம் ஓடினால் கிரெடிட் குறையுமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “இலவசமாகப் படம் காட்டும் செயலிகளில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் உங்கள் ப்ரீபெய்ட் கிரெடிட்டில் 20 சென் வெட்டுகிறார்கள்.” பெரியம்மா பயந்துபோய் யூடியூப்பையே தூக்கிவிட்டார்.

தவறான தகவல். விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது விளம்பரம் கொடுத்த நிறுவனம், பார்க்கிற நாம் அல்ல. நீங்கள் வீடியோவைத் தொட்டதும், அதில் விளம்பரம் காட்டும் இடம் யாருக்கு என்று ஒரு நொடிகூட ஆகாமல் கணினிகளுக்குள் ஏலம் முடிந்துவிடும். பெரும்பாலும் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று விலை. யூடியூப்பின் நீள வீடியோக்களில் வரும் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு, கூட்டாளர் திட்டத்தில் சேர்ந்த படைப்பாளருக்குப் போகிறது. சந்தா இல்லாமலே நம் ஊர்ப் பிள்ளைகளின் தமிழ் வீடியோக்களைப் பார்க்க முடிவது இப்படித்தான். 1984-இல் டிவி3 தனியார் தொலைக்காட்சி தொடங்கியபோதும் விளம்பரக் கணக்குதானே? சந்தா கட்டியா பார்த்தோம்!

சரி, புரளி எங்கிருந்து வந்திருக்கும்? விளம்பரமும் வீடியோதான், டேட்டாவைத் தின்னும். டேட்டா தீர்ந்த பிறகு சில ப்ரீபெய்ட் திட்டங்களில் இணையப் பயன்பாட்டுக்குக் கிரெடிட் கழியும். அதை வசூலிப்பது தொலைபேசி நிறுவனம், விளம்பரம் அல்ல. வீட்டு வைஃபையில் பார்த்தால் அந்தக் கவலையும் இல்லை.

இன்னொன்று, நாம் எதைப் பார்க்கிறோம் என்பதை இந்தத் தளங்கள் கவனித்துத்தான் விளம்பரம் காட்டுகின்றன. எனக்கு அது பிடிக்காது. அமைப்புகளில் போய்க் குறைத்துவிட்டேன். அப்புறம், “விளம்பரத்தைத் தவிர்க்க” என்று வங்கி அட்டை எண்ணோ, பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி தரும் டிஏசி எண்ணோ கேட்கும் லிங்க் வந்தால் தொடாதீர்கள். பெரியம்மாவுக்கு யூடியூப்பைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தாயிற்று.