ஃபவுண்டனைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள்

ஊரிலிருந்து பம்பாய்க்கு வரும் சொந்தக்காரர்களை ஃபோர்ட் பக்கம் கூட்டிப்போனால் எல்லாரும் ஃபுளோரா ஃபவுண்டன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சரி, அழகுதான். ஆனால் பக்கத்திலேயே தீப்பந்தத்தோடு ஒரு தொழிலாளியும் ஒரு விவசாயியும் சிலையாக நிற்கிறார்களே, அவர்களை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அந்த இடத்துக்கு ஹுதாத்மா சௌக் என்று பெயர் வந்ததே அவர்கள் நினைவால்தான். ஹுதாத்மா என்றால் உயிரைக் கொடுத்தவர்.

ஃபவுண்டன் 1864இல் வைத்தது. பழைய கோட்டையின் சர்ச் கேட் வாசல் இருந்த இடம் அது, நாம் தினமும் இறங்கும் சர்ச்கேட் ஸ்டேஷனுக்கும் அந்த வாசலின் பெயர்தான். சில வருடங்களுக்கு முன் புதுப்பிக்கத் தோண்டியபோது மண்ணுக்கடியில் பழைய டிராம் தண்டவாளம் கிடைத்தது. பம்பாயில் டிராம் நின்றது 1964இல்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிது 1955 நவம்பர் 21. மராத்தி பேசும் மக்களுக்குப் பம்பாயோடு சேர்த்து ஒரு மாநிலம் வேண்டும் என்று கேட்டு வந்த கூட்டத்தின் மேல் இந்தச் சதுக்கத்தில் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டம் முழுக்கச் சேர்த்தால் செத்தவர்கள் நூறு பேருக்கு மேல். 1960 மே 1 அன்று மகாராஷ்டிரா பிறந்தது.

தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து உயிரை விட்டது 1956இல், கிட்டத்தட்ட அதே சமயம். ஜனவரி 25 வந்தால் மொழிப்போர் தியாகிகளுக்கு வீரவணக்கம் என்று பதிவு போடுகிறோம் அல்லவா, அந்த நமக்கு இந்தச் சிலை முன்னால் கால் நிற்க வேண்டாமா?

"அறுபதுகளின் கடைசியில் மதராஸி என்று நம்மை அடித்து விரட்டப் பார்த்தார்களே, மறந்துவிட்டாயா?" என்று தாராவிப் பெரியவர்கள் கேட்பார்கள். மறக்கவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்ததை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது அடித்தவர்கள் மேல் இருக்கட்டும், அதற்குப் பத்து வருடம் முன்னால் தன் மொழிக்காகக் குண்டடிபட்டு விழுந்த ஆலைத் தொழிலாளி மேல் எதற்கு?

இந்த நவம்பர் 21 காலை நான் பூவோடு போகிறேன். தாராவி, சயான் பக்கமிருந்து வருகிறவர்கள் சொல்லுங்கள், சயானில் ரயிலேறிச் சேர்ந்தே போய்விடலாம்.