காட்டில் தனித்திருப்பதும் நோன்புதான்

நம் சமூகத்தில் ஒருவர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை. சில நாள்கள் காட்டில் தனியே தங்கிவிட்டு வருகிறேன் என்று சொன்னால், வீட்டில் ஏதோ பிரச்சினை என்றோ மனத்தில் ஏதோ குழப்பம் என்றோதான் முதலில் நினைக்கிறார்கள். பல ஆண்டுகளாக இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் கனடாவின் அல்கொன்குயின் பூங்காவின் உட்பகுதிக்குக் கனூ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் தனியே சென்று கூடாரமடித்துத் தங்கி வருபவன் என்ற முறையில், இதைப் பற்றி என் மனத்தில் உள்ளதை ஒழுங்காக எழுதிவைக்க விரும்புகிறேன். காட்டில் தனித்திருப்பதை நாம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டோம். நமது சைவம் உயர்வாகச் சொல்லும் மௌனத்தைப் பழகுவதற்கு ஒன்ராறியோவில் நமக்கு வாய்த்திருக்கும் மிக நல்ல இடம் அந்தக் காடுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் அல்கொன்குயின், 1893ஆம் ஆண்டு பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு. அதற்குள் 2,000க்கும் மேற்பட்ட ஏரிகள். நம்மவர்களில் பலர் செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் சிவக்கும்போது 60ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு அன்றே திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சாலை பூங்காவின் தென்கோடியைத்தான் தொட்டுச் செல்கிறது. மீதியை அடையத் துடுப்பும் தோளும் வேண்டும். ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்குமிடம் வரை கனூவைக் கவிழ்த்துத் தோளில் சுமந்து காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். தனியாகச் செல்பவர் பொதியை முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து கனூவை எடுப்பதானால், ஒரு கிலோமீட்டர்ப் பாதைக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கிறார். இந்த உடலுழைப்பை நான் குறையாகச் சொல்லவில்லை. காவடி எடுப்பவர் தோளில் பாரம் ஏற்றிக்கொள்வதன் பொருள் எனக்கு அந்தப் பாதைகளில்தான் விளங்கியது.

தனிமை மனத்துக்கு உடனே அமைதி தரும் என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. முதல் நாள் இரைச்சல் கூடுகிறது. அலுவலகத்தில் பதில் சொல்லாமல் விட்ட கடிதம், அண்ணனோடு முடிக்காமல் வந்த வாக்குவாதம், என்றோ ஒருவர் கலியாண வீட்டில் சொன்ன சொல் எல்லாம் கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கேட்பதற்கு ஆளில்லாதபோதும் நாம் யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம் என்பதை அப்போதுதான் கவனிக்கிறோம். ஒரே இரவு தங்கிவிட்டுத் திரும்புகிறவர் இந்த இரைச்சலை மட்டும் அனுபவித்துவிட்டு, இதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறார். குறைந்தது மூன்று இரவுகளாவது இருந்தால்தான் அது அடங்கத் தொடங்கும் என்பது என் அனுபவம்.

அதை அடக்குவது காட்டின் அழகு என்று நான் நினைக்கவில்லை. அங்கே செய்தே ஆக வேண்டிய வேலைகள்தான் அடக்குகின்றன. தண்ணீரை வடிகட்ட வேண்டும். பட்ட விறகைப் பொறுக்க வேண்டும். கரடி எட்டாதபடி உணவுப் பையை நிலத்திலிருந்து நாலு மீற்றர் உயரத்தில், மரத்தின் தண்டிலிருந்து தள்ளிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். இவற்றில் எதையும் வேறு எதையோ நினைத்துக்கொண்டு செய்ய இயலாது. கவனம் தவறினால் கை வெட்டுப்படும், அல்லது இரவுச் சாப்பாடு பறிபோகும். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்து என்று தியான வகுப்புகளில் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதைக் காடு வேலையாகக் கொடுத்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் மேலான பாடம் காற்றில் இருக்கிறது. பெரிய ஏரிகளில் நண்பகலுக்குப் பிறகு காற்று எழுந்து அலை உயர்ந்துவிடும். தனி ஆளாகக் கனூவில் இருப்பவர் அந்த அலையில் இறங்கக் கூடாது. விடியற்காலையிலேயே கரையை ஒட்டிச் சென்றுவிட வேண்டும். தவறினால் எங்கே நிற்கிறோமோ அங்கேயே கனூவைக் கரையில் ஏற்றிவிட்டு, காற்று விழும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அது இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம், அன்று முழுவதுமாகவும் இருக்கலாம். யாரையும் கேட்க முடியாது, எதையும் விரைவுபடுத்த முடியாது, கையில் தொலைபேசி இருந்தாலும் இணைப்பு இருக்காது. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் வாழ்ந்த சைவ ஞானி யோகர் சுவாமிகள் தம்மிடம் வந்தவர்களுக்குச் ‘சும்மா இரு’ என்று சொன்னதைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். சமய பாடப் புத்தகத்தில் படித்துமிருக்கிறேன். ஆனால் சும்மா இருப்பதற்கு ஒரு கட்டாயம் வந்து, அந்தக் கட்டாயத்தின் மீது கோபம் வந்து, பிறகு அந்தக் கோபமும் அலுத்து விழுந்தபின் என்ன மிஞ்சுகிறது என்பதை ஒரு பாறையில் உட்கார்ந்துதான் அறிந்துகொண்டேன். மிஞ்சுவதை என்னால் சொல்லில் வைக்க முடியாது. அதிலிருந்து எழுந்து வரும்போது யாரிடமும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை என்ற தெளிவு இருந்தது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இரவில் பயம் வரும். அதை மறைப்பது நேர்மையல்ல. கையளவு அணில் சருகில் ஓடினாலும் கரடி வருவது போலவே கேட்கும். கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருக்கும் லூன் பறவை, இருட்டில் ஏரியின் நடுவிலிருந்து கூவும் ஒலியை முதன்முறை கேட்பவருக்கு உடல் சில்லிட்டுப் போகும். அந்த வேளைகளில் பரீட்சைக்காகப் பாடமாக்கிய தேவாரப் பதிகங்களை நான் உரத்துப் பாடுகிறேன். புள்ளிக்காகப் பாடமாக்கியவை, மேடையில் பரிசுக்காகப் பாடியவை, அங்கே கேட்பதற்கு ஒருவருமில்லாதபோது முதன்முறையாக அவை பாடப்பட வேண்டியவரை நோக்கிப் பாடப்படுவதாக எனக்குத் தோன்றியது.

என் பெரியம்மா இதைக் கேள்விப்பட்டபோது கேட்டது இன்னும் என்னோடு இருக்கிறது. “நாங்கள் தறப்பாளுக்குக் கீழை கிடந்து சீரழிஞ்சது காணாதெண்டு, நீ காசு குடுத்துப் போய்க் கிடக்கிறியோ?” என்று கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் எழுந்து மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அந்தக் கூட்டத்தில் பெரியவர்களின் கையைப் பிடித்து நடந்த சிறுவர்களில் நானும் ஒருவன். பெரியம்மாவின் குடும்பம் அதன் பின் வன்னிக்குப் போய், 2009 வரை ஒவ்வோர் இடமாகத் தறப்பாளைக் கழற்றிக் கட்டிக்கொண்டே இருந்தது. அவர்களுக்குக் காடு என்றால் பாம்பும் காய்ச்சலும் எறிகணையும். கூடாரம் என்றால் திரும்பிப் போக வீடில்லாத நிலை. அப்படி வாழ்ந்த ஒருவரிடம் இயற்கையின் மடியில் அமைதி இருக்கிறது என்று பேசுவது கொடுமை.

ஆனாலும் அவருக்கு நான் சொன்ன பதிலை இன்றும் சரியென்றே நினைக்கிறேன். நம்மைக் காட்டுக்குள் துரத்தியவர்கள் நம்மிடமிருந்து காட்டையும் பறித்துவிட்டார்கள். இருட்டைக் கண்டு நடுங்கப் பழகிய உடலோடு நாம் இந்த நாட்டுக்கு வந்து, வெளிச்சம் அணையாத தெருக்களில் வீடு வாங்கி, தொலைக்காட்சியை நிறுத்தாமல் வாழ்கிறோம். விரும்பிப் போய், விரும்பிய நாளில் திரும்பிவரக்கூடிய ஒருவனாக நான் இருட்டில் உட்காரும்போது, அந்தச் சிறுவனின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. எல்லோருக்கும் அது இறங்கும் என்று சொல்லமாட்டேன். போரின் நினைவுகள் இரவில் இன்னும் எழுப்புகிற நிலையில் இருப்பவர்கள் மருத்துவ உதவியோடு அவற்றைக் கையாள வேண்டும். தனியே காட்டுக்குப் போவது அவர்களுக்கு ஊறாகவும் முடியலாம்.

கோயில் போதாதா என்பது இன்னொரு கேள்வி. கோயில் எனக்கு வேண்டும். தேரின் வடத்தில் ஆயிரம் கைகளோடு என் கையும் இருக்கும்போது கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் கோயிலில் நம்மைப் பலர் பார்க்கிறார்கள். என்ன உடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், யாரோடு நின்றோம் என்பவை பார்க்கப்படுகின்றன. நம் வழிபாட்டில் இன்று ஒலிபெருக்கி நிறுத்தப்படும் நேரமே இல்லாமற்போய்விட்டது. நமது மரபு அவ்வளவுதானா? இலங்கையின் கிழக்கே உள்ள உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளின் ஊடாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரை இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. யானையும் சிறுத்தையும் உலவும் காட்டில், ஆற்றங்கரையில் துணியை விரித்து அடியார்கள் உறங்குகிறார்கள். அது கூட்டமாகச் செல்லும் யாத்திரைதான். எனினும் காட்டில் வெறும் நிலத்தில் படுத்தெழுவதை வழிபாட்டின் பகுதியாக நம் முன்னோர் ஏற்றிருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. யோகர் சுவாமிகளும் தனித்துத் தவமிருந்தபின் தம் குடிலுக்கு வந்தவர்களைப் பார்க்க மறுத்துவிடவில்லை; 1964இல் மறையும்வரை அந்தக் குடில் வருவோர் போவோரால் நிறைந்திருந்தது. தனித்திருந்தவர் மனிதரை வெறுத்தவராகிவிடுவார் என்று அஞ்சுவோர் அவருடைய வாழ்வைப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அல்கொன்குயினை மனிதர் தீண்டாத காடு என்று விளம்பரங்கள் வருணிக்கின்றன. அது உண்மையல்ல. அந்த நிலம் அல்கொன்குயின் முதற்குடி மக்களுடையது; அதற்கான அவர்களின் உரிமைக் கோரிக்கை நீண்ட காலமாகத் தொடர்கிறது. அங்கிருந்த பெரும் வெண்பைன் மரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டி ஆறுகளில் மிதக்கவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டன. பூங்காவின் ஒரு பகுதியில் மரம் வெட்டுவது இன்றும் நடக்கிறது. சொந்த நிலத்தை இழந்து வந்தவர்களாகிய நாம் அங்கே கூடாரமடிக்கும்போது, அது ஒருவரின் வீட்டு முற்றம் என்ற எண்ணத்தோடு தங்க வேண்டும். கண்ணாடிப் போத்தல்களையும் தகரப் பேணிகளையும் உட்பகுதிக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற பூங்காவின் விதியை நான் அந்த மரியாதையின் பகுதியாகவே பார்க்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சில சொற்கள். மே, ஜூன் மாதங்களில் கறுப்பு ஈக்கள் மொய்க்கும், தண்ணீரும் உயிரைப் பறிக்குமளவு குளிர்ந்திருக்கும், செப்டம்பர் நல்லது. உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது. எந்த ஏரியில் எந்த இரவு தங்குகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். கனூ ஓட்டத் தெரியாதவர்கள் முதலில் தெரிந்தவரோடு போய்ப் பழகுங்கள். படங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள் மட்டும்: அங்கிருக்கும்போது இதை முகநூலில் எப்படிப் போடுவேன் என்ற எண்ணம் வந்தால், நம்மைப் பார்ப்பவர்களை நாமே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று பொருள். நான் கமராவைக் காரிலேயே விட்டுவிடுகிறேன்.

கடைசியாகப் பெண்பிள்ளைகளைப் பற்றி. என் மருமகள் ஒருத்தி கோடை முகாம்களில் கனூ ஓட்டிப் பழகியவள், முதலுதவிப் பயிற்சியும் பெற்றவள், அடுத்த செப்டம்பரில் தனியே போய் மூன்று இரவுகள் தங்க விரும்புகிறாள். தம்பியைத் தனியே விட யோசிக்காத அதே வீட்டில் அவளுக்கு மட்டும் அனுமதி இல்லை. அவளுடைய பெற்றோரிடம் நான் கேட்டது இதுதான்: ஆபத்துகளைப் பற்றிப் பேசுங்கள், பயணத் திட்டத்தை வரிவரியாகச் சரிபாருங்கள், செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள்; தம்பிக்கு எந்தக் கேள்விகளைக் கேட்பீர்களோ அவற்றையே அவளிடமும் கேளுங்கள், அவள் சரியாகப் பதில் சொன்னால் அவளைப் போக விடுங்கள்.