அன்னா மே வாங்: தடையாக இருந்தது குரல் அல்ல

பேசும்படம் வந்தபின் குரல் எடுபடாததால்தான் சீன-அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்குக் கனமான வேடங்கள் அமையவில்லை என்று சிலர் சொல்வது சரியல்ல. 1922-இல், பதினேழு வயதிலேயே, 'தி டோல் ஆஃப் தி சீ' என்ற வண்ண மௌனப்படத்தில், பெற்ற மகனைக் கணவரின் அமெரிக்க மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுத் தனித்து நிற்கும் தாயாக, கதையையே தோளில் சுமந்தவர் அவர். அதன்பிறகும் ஹாலிவுட் அவருக்கு நீட்டியவை பெரும்பாலும் அடிமைப்பெண், சூழ்ச்சிக்காரி வேடங்களே. அது பொறுக்காமல்தான், மௌனப்பட காலம் முடியும் முன்பே, 1928-இல் ஐரோப்பா சென்றார். அங்கே நடித்த 'பிக்கடில்லி' படத்தில் பாத்திரம் கழுவும் அறையின் மேசைமீது ஏறி அவர் ஆடும் காட்சியை ஒருமுறை பாருங்கள், கண்களே பேசும்.

குரலைப் பற்றிய ஐயத்துக்கு 1932-இல் வந்த, அவர் நடித்த பேசும்படமான 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' போதும். உண்மையான தடை, வேற்றினக் காதலைத் திரையில் காட்டக்கூடாது என்ற தணிக்கை விதியும், சீனக் கதாபாத்திரங்களை வெள்ளையருக்கே கொடுத்த வழக்கமும்தான். 1937-இல் வெளியான 'தி குட் எர்த்' படத்தில் அவர் விரும்பிய சீன உழவனின் மனைவி வேடம் வெள்ளையின நடிகை லூயிஸ் ரெய்னருக்குப் போனது; ரெய்னருக்கு அதற்காக ஆஸ்கரும் கிடைத்தது. வாங்குக்குக் காட்டப்பட்ட ஆசைநாயகி வேடத்தை அவர் மறுத்துவிட்டார்.